பாடம் 6: தகரக் கூரையின் கீழ் வெக்கையைக் குறைப்போம்

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையாலும் மண்சரிவாலும் மலையகத்தில் ஏராளமான குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. பாடசாலையிலோ கோயில் மண்டபத்திலோ உறவினர் வீட்டிலோ தங்கியிருந்த நீங்கள், இப்போது லயத்துக்கோ புதிய வீட்டுக்கோ திரும்பிக்கொண்டிருக்கலாம். மழைக்குப் பயந்து வெளியேறியவர்களிடம் வெயிலைப் பற்றிப் பேசுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் மத்தியான நேரம் தகரத்தின் கீழ் கைக்குழந்தையோடு இருந்தவர்களுக்கு அது வேடிக்கையல்ல என்று தெரியும்.

கூரையை எப்படியும் பழுதுபார்க்கத்தான் போகிறீர்கள். அந்த வேலையை எப்படிச் செய்தால் பகல் வெக்கையும் இரவுக் குளிரும் குறையும், கரண்ட் பில்லும் கட்டுக்குள் இருக்கும் என்பதே இந்தப் பாடம்.

வெக்கை எங்கிருந்து வருகிறது?

ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா சுமார் 1,868 மீற்றர் உயரம். நுவரெலியாவில் ஏப்ரல் மாதத்திலும் பகல் வெப்பநிலை பெரும்பாலும் 25 பாகை செல்சியஸைத் தாண்டுவதில்லை. அப்படியென்றால் வெளிக்காற்று சூடில்லை. சூடாவது கூரை.

ஏப்ரல் முதல் இரண்டு வாரங்களில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே உச்சம் கொடுக்கிறது. ஓகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் மறுபடி அப்படி வருகிறது. அந்த நாட்களில் மத்தியான வெயில் சுவரில் விழுவதைவிடக் கூரையில் விழுவதே அதிகம். மெல்லிய தகரம் சில நிமிடங்களில் சூடேறி, அந்தச் சூட்டை அடுப்புத்தணல்போல் கீழே இறக்குகிறது. கறள் பிடித்த தகரமும் கடும் நிறத் தகடும் இன்னும் கூடுதலாகச் சூடேறும்.

இரவில் இதே தகரம் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. நம் மூச்சிலும் சமையலிலும் எழும் ஈரம் அதில் பட்டு நீராகிச் சொட்டுகிறது. மழையில்லாத இரவிலும் பாய் நனைவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒழுக்கல்ல, இதுதான். பகல் வெக்கை, இரவுச் சொட்டு இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவதால், இரண்டையும் ஒரே வேலையால் குறைக்கலாம்.

முதலாவது: தகரத்துக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு தட்டு

கையில் இருக்கும் பணத்தில் ஒரே ஒரு வேலைதான் செய்யலாம் என்றால், சீலிங் அடியுங்கள். தகரத்துக்கும் சீலிங்குக்கும் இடையே குறைந்தது அரை அடி இடைவெளி இருக்கட்டும். அங்கே தேங்கும் சூடான காற்று வெளியேற, கூரையின் உச்சிப் பக்கத்துச் சுவரில் வலையடித்த சிறு துவாரம் விடுங்கள். பகலில் சூடு கீழே இறங்காது. இரவில் வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த தகரத்தைத் தொடாது.

பலகையோ சிமெந்துச் சீலிங் தகடோ பாவிக்கலாம். வீடு முழுவதற்கும் முடியாவிட்டால் பிள்ளைகளும் வயதானவர்களும் படுக்கும் காம்பராவிலிருந்து தொடங்குங்கள். புதுத் தகடு தெரிவு செய்ய வாய்ப்பிருந்தால் வெள்ளை அல்லது வெளிர் நிறத்தைக் கேளுங்கள். பழைய தகரமானால் கறளைச் சுரண்டிவிட்டு வெள்ளைக் கூரைப் பெயின்ட் பூசலாம்.

உரச் சாக்கு, பொலித்தீன், ரெஜிபோம் ஆகியவற்றைக் கூரைக்குக் கீழே கட்டாதீர்கள். மலிவாகக் கிடைப்பதால் பலரும் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் லயத்தில் வயர்கள் ஓடுவதும் கூரையை ஒட்டித்தான். ஒரு பொறி பட்டால் தீ ஒரு காம்பராவோடு நிற்காது, லயம் முழுவதும் ஓடும்.

உங்கள் கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் அதை வெட்டவோ துளைக்கவோ தேய்க்கவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குக் கெடுதி. உடைந்த துண்டுகளை நனைத்த பிறகே எடுங்கள், காய்ந்தபடி கூட்டாதீர்கள்.

இரண்டாவது: பகலில் திறங்கள், பொழுது சாய மூடுங்கள்

கொழும்பிலும் மட்டக்களப்பிலும் இருப்பவர்கள் வெயில் நேரத்தில் ஜன்னலை மூடச் சொல்வார்கள், அங்கே வெளிக்காற்றே சூடு. இங்கே வெளிக்காற்று குளிர்ச்சி, உள்ளேதான் சூடு. அதனால் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 4 மணிவரை கதவையும் ஜன்னலையும் திறந்து வையுங்கள். மூடுபனி இறங்குமுன் மூடிவிடுங்கள்.

முதுகுக்கு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் பின்பக்க ஜன்னல் கிடையாது. காற்று வந்த வழியாகவே போகவேண்டும். அங்கே இஸ்தோப்புப் பக்கச் சுவரிலேயே கதவுக்கு மேலே ஒரு துவாரம் தேவை. கீழே குளிர்ந்த காற்று நுழையும், மேலே சூடான காற்று வெளியேறும். விறகு அடுப்பின் புகை வெளியேற இந்தத் துவாரம் போதாது. அதற்குப் புகைபோக்கி தனியாக வேண்டும்.

லயத்தின் சுவரிலோ கூரையிலோ கைவைக்குமுன் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். அடுத்த காம்பராக்காரரோடும் பேசுங்கள், கூரை எல்லாருக்கும் பொது.

மூன்றாவது: மின்சாரம்

திரும்பி வந்ததும் மெயின் சுவிட்சைப் போடாதீர்கள். தண்ணீர் பட்ட வயரிங்கை மின் தொழிலாளர் ஒருவர் பார்த்த பிறகு போடுங்கள். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்பதையும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துக் காம்பராவுக்கு வயர் இழுத்துக் கொடுக்கவும் வேண்டாம்.

1,000 வோட் சாதனம் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஓர் அலகு. இதை வைத்து நீங்களே கணக்குப் பார்க்கலாம்:

60 வோட் பழைய குண்டு பல்ப், தினம் 5 மணித்தியாலம்: மாதம் 9 அலகு.
9 வோட் எல்.இ.டி. பல்ப், அதே நேரம்: மாதம் ஒன்றரை அலகுக்கும் குறைவு.
50 வோட் மேசை ஃபேன், தினம் 6 மணித்தியாலம்: மாதம் 9 அலகு.
1,500 வோட் மின் கேத்தல், தினம் நான்கு தடவை, ஒவ்வொன்றும் 10 நிமிடம்: மாதம் 30 அலகு.

ஃபேனைவிடக் கேத்தல்தான் பில்லை ஏற்றுகிறது. காலையில் ஒருமுறை கொதிக்க வைத்து பிளாஸ்கில் ஊற்றி வைத்தால் அதில் பெரும்பகுதி மிச்சம். பாவனை கூடக்கூட அலகொன்றின் விலையும் படிப்படியாகக் கூடும். ஆகவே கடைசியில் குறைக்கும் சில அலகுகள்தான் அதிகப் பணத்தை மிச்சப்படுத்தும்.

நான்காவது: நிழலுக்காக மலையைத் தொடாதீர்கள்

காற்று வரட்டும், இடம் கிடைக்கட்டும் என்று வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டை வெட்டாதீர்கள். அடி வெட்டப்பட்ட சரிவு அடுத்த மழையில் இறங்கலாம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களையே மூடியதை நாம் மறக்கவில்லை. கானை மூடி அதன்மேல் எதையும் கட்டவும் வேண்டாம்.

நிழல் தேவையென்றால் மேற்குப் பக்கம் பந்தல் போட்டுச் சவ்சவ் அல்லது பெஷன் புரூட் கொடி ஏற்றுங்கள். பிற்பகல் வெயிலைத் தடுக்கும், காயும் தரும். பெரிய மரங்களைக் கூரைக்கு எட்டும் தூரத்தில் நடாதீர்கள்.

இந்த வாரம் செய்யவேண்டியவை

1. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் இடத்தைக் குடியிருக்கப் பாதுகாப்பானது என்று சொல்லியிருக்கிறதா? கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை வீட்டுக்கு ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம்.
2. வயரிங்கைச் சோதிப்பியுங்கள்.
3. கூரைக்குக் கீழே சாக்கோ பொலித்தீனோ இருந்தால் கழற்றுங்கள்.
4. குண்டு பல்புகளை எல்.இ.டி. பல்புகளாக மாற்றுங்கள்.
5. சீலிங்குக்கான அளவை எடுத்து, எந்தக் காம்பரா முதலில் என்று குடும்பமாகத் தீர்மானியுங்கள்.

சுவரிலோ நிலத்திலோ புதிய வெடிப்பு, திடீரென ஊறும் கலங்கல் நீர், சாயும் மரம் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் எல்லா வேலையையும் விட்டுவிட்டு வெளியேறுங்கள். பாதுகாப்பான இடத்துக்குப் போனதும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழையுங்கள். கூரையைப் பிறகும் போடலாம்.