பதினொன்றில் நிற்கும் வேகம்

கேள்வி: வீட்டில் ஃபைபர் இணைப்பு வாங்கி மூன்று மாதம் ஆகிறது. 200 எம்.பி.பி.எஸ். திட்டத்துக்குத்தான் மாதாமாதம் பணம் கட்டுகிறேன். ஆனால் கணினியில் எதை டவுன்லோடு செய்தாலும் வேகம் 11 எம்.பி.யைத் தாண்டுவதில்லை. மாடி அறையில் வைஃபை இன்னும் மோசம். கடைக்காரர் “ரூட்டரை மாத்துங்க சார்” என்கிறார். என் மகனோ “மோடம்தான் கோளாறு” என்கிறான். இரண்டும் ஒன்றா, வேறா? புதிதாக வாங்கத்தான் வேண்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

பதில்: ஐயா, 11 என்று எண்ணோடு எழுதினீர்களே, அதுவே பாதி வேலையை முடித்துவிட்டது. ‘நெட் ஸ்லோ’ என்று மட்டும் எழுதியிருந்தால் நானும் ஊகித்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

முதலில் அளவு. இணைப்புத் தருபவர் சொல்லும் 200 என்பது மெகாபிட். டவுன்லோடின்போது கணினி காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 200ஐ எட்டால் வகுத்தால் 25. அதற்குப் பக்கத்தில்தான் உங்களுக்கு வரவேண்டும். 11 வருகிறது என்றால் உங்கள் ஆதங்கம் நியாயமானதே.

ஆனால் அந்த 11 தற்செயலாக வந்ததல்ல. கணினியை ரூட்டர் பெட்டியோடு ஈதர்நெட் கேபிளால் இணைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கேபிளில் 100 மெகாபிட், 1000 மெகாபிட் என்று இரண்டு வேகங்கள் பரவலாக உண்டு. 100 மெகாபிட் பாதையில், அனுப்புநர் பெறுநர் விவரங்கள் எடுத்துக்கொள்வது போக, நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய 94. அதை எட்டால் வகுங்கள், பதினொன்றே முக்கால்! உங்கள் கணினிக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவே ஏதோ ஒன்று நூறிலேயே நிற்கிறது.

என் சந்தேகம் கேபிள் மேல். அதற்குள் ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என நான்கு ஜோடி, மொத்தம் எட்டு வயர்கள். 1000 மெகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். அதனால் ஒரு நீல வயர் அறுந்தாலும் இணைப்பு நிற்காது. சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். நாலு வயரை மட்டும் முனையிலுள்ள பிளக்கில் இறுக்கி, அதாவது கிரிம்ப் செய்துவிட்டுப் போன இடங்களையும் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது, நெட்தான் வருகிறதே!

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’, அதற்குள் ‘ஈதர்நெட்’ திறந்து ‘லிங்க் ஸ்பீடு’ பாருங்கள். 100/100 என்று இருந்தால், ‘கேட் 5இ’ அல்லது ‘கேட் 6’ கேபிள் ஒன்றை மாற்றிப் போடுங்கள். 1000/1000 ஆகிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. அப்படியும் ஏறாவிட்டால் பெட்டியின் போர்ட்டோ கணினியின் போர்ட்டோ 100 மட்டும் தாங்கக்கூடியது. அப்போதுதான் கடைக்காரர் பேச்சுக்கு இடம். கேபிள் மாற்றும்வரை ரூட்டருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

மோடமும் ரூட்டரும் வேறுவேறு. தொலைபேசிக் கம்பியில் இணையம் வந்த காலத்தில், கம்பியில் வரும் சமிக்ஞையைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தந்தது மோடம். வந்ததை வீட்டிலுள்ள போன், டிவி, கணினி எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுப்பது ரூட்டர். ஃபைபரில் மோடத்தின் இடத்துக்கு ஓ.என்.டி. வந்துவிட்டது. இழைவழி வரும் ஒளியை மின்சமிக்ஞையாக்குவது அதன் வேலை. இப்போது பல வீடுகளில் ஓ.என்.டி., ரூட்டர், வைஃபை மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் ஆளுக்கொரு பேர் சொல்கிறார்கள். அதில் ‘எல்.ஓ.எஸ்.’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வந்து சேரவில்லை என்று அர்த்தம். அணைத்துப் போட்டுப் பயனில்லை, லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

மாடிப் பிரச்சினை தனி. வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் கான்கிரீட் தளத்தைத் துளைப்பதற்குள் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ஓரளவு ஊடுருவும், வேகம் குறைவு. பெட்டி டிவி அலமாரிக்குள்ளோ பீரோவுக்குப் பின்னாலோ இருந்தால் முதலில் வெளியே எடுத்து உயரத்தில் வையுங்கள். விலை குறைந்த ரிப்பீட்டரை நான் சொல்ல மாட்டேன். வாங்குவதும் அனுப்புவதும் ஒரே அலையில் என்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். கீழிருந்து மாடிக்கு ஒரு கேபிள் இழுத்து, அங்கே வைஃபை தரும் ‘ஆக்சஸ் பாயின்ட்’ ஒன்றை வைப்பதே சரி. கிரிம்ப் செய்ய வருபவரிடம் எட்டு வயரையும் போடச் சொல்லி, பக்கத்திலேயே நின்று பாருங்கள்.