மண்ணில் நுண்ணுயிர் எண்ணுதல்: டைல்யூஷனில் கோட்டை விடாதீர்கள்

திருமுடிவாக்கம் சிட்கோ பக்கம் மண் எடுக்கிறீர்களா? மேலே கட்டடக் கழிவு கொட்டியிருந்தால் தள்ளிவிட்டு, 15 செ.மீ. ஆழம் வரை ஐந்தாறு இடங்களில் எடுத்துக் கலந்து, ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள். ஃப்ரீசர் கூடாது. மீடியா, ஆட்டோகிளேவ் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே.

சறுக்குவது டைல்யூஷனில்தான். 10 கிராம் மண்ணை 90 மி.லி. கிருமி நீக்கிய நீரில் போட்டு, ஷேக்கரில் அரை மணி நேரம் ஓட விடுங்கள். பாக்டீரியா களித்துகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கையால் நாலு ஆட்டு ஆட்டினால் பிரிந்து வராது. குலுக்கி வைத்துவிட்டு, டீ குடித்து வந்து, மேலே தெளிந்த நீரை எடுப்பவர்களும் உண்டு. எண்ண வேண்டியதில் பெரும்பகுதி அடியில் தங்கியிருக்கும்! ஷேக்கர் நின்ற கையோடு 1 மி.லி. எடுத்து, 9 மி.லி. நீருள்ள குழாயில் விட்டுக் கலக்குங்கள். அதிலிருந்து 1 மி.லி. அடுத்ததற்கு. ஒவ்வொரு குழாய்க்கும் புது பிப்பெட் டிப். இதில் சிக்கனம் பார்ப்பவரை நான் லேபுக்குள்ளேயே விடமாட்டேன். பழைய டிப்பில் ஒட்டிய துளி பத்து மடங்கு அடர்த்தி. குழாய்க்குக் குழாய் பிழை ஏறிக்கொண்டே போகும்.

பிளேட்டில் ஊற்ற எடுக்க வேண்டிய டைல்யூஷன், பாக்டீரியாவுக்கு லட்சத்தில் ஒன்று, பத்து லட்சத்தில் ஒன்று. பூஞ்சைக்கு ஆயிரத்தில் ஒன்று, பத்தாயிரத்தில் ஒன்று. பூஞ்சைக்கான ரோஸ் பெங்கால் பிளேட்டை இருட்டில் வையுங்கள், வெளிச்சம் பட்டால் சாயமே நஞ்சாகும். அகாரை 45 டிகிரிக்கு ஆறவிட்டு ஊற்றுங்கள். பாக்டீரியா இரண்டு மூன்று நாளில் எண்ணத் தயார், பூஞ்சைக்கு ஐந்து நாள் கொடுங்கள்.

பாக்டீரியாவுக்கு 30 முதல் 300 காலனி உள்ள பிளேட்டை மட்டும் எண்ணுங்கள். லட்சத்தில் ஒன்று பிளேட்டில் 64 காலனி, ஊற்றியது 1 மி.லி. என்றால் கிராமுக்கு 64 லட்சம். 0.1 மி.லி. பரப்பியிருந்தால் 6.4 கோடி, இந்தப் பத்து மடங்கைத் தவறவிடுபவர்கள் ஏராளம்.

அதுவும் ஈரமண் கணக்குதான். மழைக்காலத்து அடையாற்றங்கரை மண்ணையும் சித்திரை வெயில் மண்ணையும் அப்படியே ஒப்பிட முடியாது. அதே மண்ணில் கொஞ்சம் எடுத்து 105 டிகிரி ஓவனில் 24 மணி நேரம் உலர்த்தி எடை போடுங்கள். ஈரம் 20 சதவீதம் என்றால் 64ஐ 0.8ஆல் வகுங்கள்: 80 லட்சம்.

அறிக்கையில் 'பாக்டீரியா எண்ணிக்கை' என்று எழுதாமல் சி.எஃப்.யு. (காலனி உருவாக்கும் அலகு) என்றே எழுதுங்கள். மண்ணில் உள்ளதில் சிறு பங்குதான் பிளேட்டில் வளரும். மொத்தமும் வேண்டுமானால் அக்ரிடின் ஆரஞ்சு சாயமேற்றி ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப்பில் எண்ண வேண்டும். அதில் செத்ததும் சேர்ந்து வரும்.