தாம்பரத்திலிருந்து காஞ்சிக்கு ஒரு நாள்: குடும்பத்தோடு போகிறவர்களுக்கு 16 குறிப்புகள்

தாம்பரம், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் காஞ்சிபுரம் எழுபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மின்சார ரயிலிலேயே போய் வரலாம், லாட்ஜ் செலவும் இல்லை. ஆனால் ஒரே நாளில் பத்துக் கோயில் என்று கிளம்பினால் பாட்டிக்கு முழங்கால் வலி, குழந்தைக்கு அழுகை, எந்த சுவாமியைப் பார்த்தோம் என்பதே நினைவில் நிற்காது. காமாட்சி, ஏகாம்பரநாதர், வரதராஜர் மூன்றும் நிதானமாகப் பார்த்தாலே நாள் நிறைந்துவிடும்.

1. நடை சாத்தும் நேரத்தை வைத்தே திட்டம் போடுங்கள். காஞ்சிக் கோயில்கள் பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரை வாக்கில் சாத்தினால் மாலை நாலு மணி சுமாருக்குத்தான் திறக்கும். பெரிய காஞ்சிபுரத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் காமாட்சியம்மனையும் ஏகாம்பரநாதரையும் காலையில் முடித்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் குமரகோட்டம் முருகன் வழியிலேயே வந்துவிடுவார். சின்ன காஞ்சிபுரத்து வரதர் மாலைக்கு.

2. நாள் பார்த்துக் கிளம்புங்கள். வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் காமாட்சி கோயிலில் கூட்டம் நெரியும். பங்குனி உத்திரத்தில் ஏகாம்பரநாதருக்குத் திருக்கல்யாணம், வைகாசியில் வரதருக்குக் கருடசேவை. விழா பார்க்கத்தான் போகிறோம் என்றால் சரி, கைக்குழந்தையோடு என்றால் வேறு நாள் பாருங்கள். அத்திவரதர் கூட்டத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை எழுந்தருளும் அவர் 2019-ல் 48 நாள் காட்சி தந்தார், இனி 2059-ல்தான். திருப்பணிக்காகப் பாலாலயம் செய்திருந்தால் மூலவர் தரிசனம் இருக்காது. அதையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

3. போகும் ரயிலுக்கு முன்னால் திரும்பும் ரயிலைக் குறித்துக்கொள்ளுங்கள். கடற்கரையிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு, வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போகும் ரயில்கள் நாளுக்குச் சிலதான். செங்கல்பட்டு வண்டிபோல் அடிக்கடி வராது. ரயில் தவறினால் வாலாஜாபாத், ஒரகடம், படப்பை வழியாகத் தாம்பரம் வரும் பேருந்து கைகொடுக்கும்.

4. டிக்கெட்டை வீட்டிலேயே கைபேசிச் செயலியில் எடுத்துவிட்டால் கவுண்ட்டர் வரிசை மிச்சம். ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம், ஐந்து முடிந்து பன்னிரண்டுக்குள் என்றால் அரை டிக்கெட்.

5. மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. காஞ்சிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். சர்க்கரை உள்ளவர்களும் பிள்ளைகளும் ஸ்டேஷனிலேயே போய்விட்டு ஏறட்டும். காலைக் காப்பியை அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

6. முதல் நாள் இரவே வீட்டு வேலைகளை ஒழுங்கு செய்யுங்கள். மறுநாளைக்குப் பால் பாக்கெட் ஒன்று போதும் என்று சொல்லிவிடுங்கள். இட்லி மாவை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் திரும்பி வந்ததும் தோசை வார்க்கலாம். கிளம்பும்போது கேஸ் ரெகுலேட்டர், மோட்டார் ஸ்விட்ச், மாடிக் கதவு மூன்றையும் ஒருவரே பார்க்கட்டும். ஆளுக்கொன்று என்றால் 'நீ பார்த்தாயா' என்ற பேச்சு கூடுவாஞ்சேரி வரை ஓடும்.

7. தயிர்சாதம் புளிக்காமல் இருக்க, ஓர் ஆழாக்கு அரிசியைக் குழைய வேகவைத்து, சூட்டோடு மசித்து, காய்ச்சிய பால் இரண்டு டம்ளர் விட்டுக் கிளறுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு ஸ்பூன் தயிர், உப்பு, பொடியாக நறுக்கிய இஞ்சி. விடியற்காலையில் கலந்தது மதியம் மூடியைத் திறக்கும்போது பதமாக உறைந்திருக்கும். தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் இருந்தால் பயண மயக்கமும் தெரியாது.

8. புளியோதரைக்குப் புளிக்காய்ச்சலை முதல் நாளே செய்துவிடுங்கள். சாதத்தைத் தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்த பிறகே கலந்து டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி வேர்த்துச் சாதம் ஊசிப்போகும்.

9. எல்லார் செருப்பையும் ஒரே துணிப்பையில் போட்டு ஒரே டோக்கன் வாங்குங்கள். பழைய செருப்பே போதும். வெயில் ஏறினால் வெளிப் பிராகாரத்துக் கல் தீயாகச் சுடும். பெரியவர்களுக்குப் பழைய சாக்ஸ் ஒரு ஜோடி கொண்டுபோய், சந்நிதிக்குள் நுழையும்முன் கழற்றிவிடலாம்.

10. கோயிலுக்குள் கைபேசியை நம்பாதீர்கள். கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி உயர்நீதிமன்றம் 2022-ல் உத்தரவிட்டது. யாராவது பிரிந்துவிட்டால் கொடிமரத்தடிக்கு வர வேண்டும் என்று உள்ளே நுழையும்போதே சொல்லிவையுங்கள். சின்னப் பிள்ளையின் சட்டைப்பையில் அப்பா எண் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும்.

11. ஏகாம்பரநாதருக்கு அபிஷேகப் பால் வாங்க வேண்டாம். பஞ்சபூதத் தலங்களில் இது பிருத்வி, அதாவது மண். மூலவர் மணல் லிங்கம் என்பதால் ஆவுடையாருக்குத்தான் அபிஷேகம். வில்வமும் பூவும் போதும். கிருஷ்ணதேவராயர் 1509-ல் எழுப்பிய 192 அடி ராஜகோபுரத்தைப் பிள்ளைகளுக்குத் தெருவிலிருந்தே காட்டிவிடுங்கள். அடியில் போய் நின்றால் கழுத்துதான் வலிக்கும்.

12. வரதரைச் சேவிக்க அத்திகிரியின் 24 படி ஏற வேண்டும். காயத்ரியின் 24 எழுத்துக்குக் கணக்கு என்பார்கள். முழங்கால் வலிக்காரர்கள் அவசரப்படாமல் ஓரமாக, கைப்பிடித்து ஏறட்டும். தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைத் தொடவும் படி ஏறி எட்ட வேண்டியிருக்கும். நூற்றுக்கால் மண்டபத்தின் மூலையில் தொங்கும் கல் சங்கிலி பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

13. காலையில் சீக்கிரம் போய்ச் சேர்ந்து தெம்பும் இருந்தால் கைலாசநாதர் கோயிலையும் சேர்க்கலாம். ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. சுற்றிலும் 58 சிறு சந்நிதிகள், சிலவற்றில் பழைய வண்ண ஓவியத்தின் மிச்சம் தெரியும். மூலவரைச் சுற்றும் வழி குறுகல், குனிந்து, ஊர்ந்துதான் நுழைய வேண்டும். உடம்பு கனத்தவர்களும் மூச்சிரைப்பு உள்ளவர்களும் வெளியிலிருந்தே கும்பிடலாம். மணற்கல் சிற்பம் உதிரும், பிள்ளைகள் தடவாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

14. நடை சாத்திய மூன்றரை, நாலு மணி நேரத்தை வீணாக்காதீர்கள். சாப்பாடு, பெரியவர்களுக்குக் கால் நீட்டல், பட்டுக்கடை எல்லாம் இப்போதுதான். ஆட்டோக்காரர், "சும்மா தறி பாத்துட்டு வந்துடுங்கம்மா" என்பார். கூட்டிப்போனதற்கான கமிஷன் புடவை விலையில் ஏறிவிடும். கடையை நீங்களே முடிவு செய்யுங்கள். கூட்டுறவுச் சங்க விற்பனை நிலையங்களையும் கோ-ஆப்டெக்ஸையும் முதலில் பார்த்தால் விலை பிடிபடும். சில்க் மார்க் சீட்டும் ரசீதும் கேட்டு வாங்குங்கள். கோர்வைப் புடவை என்றால் உடலும் கரையும் கோக்கும் இடத்தைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்.

15. பத்து ரூபாய் நோட்டுக் கட்டு ஒன்று தனிப்பையில் இருக்கட்டும். விளக்கு, அர்ச்சனைச் சீட்டு, செருப்புக்காரர் எல்லாருக்கும் சில்லறை வேண்டும். ஆட்டோவில் ஏறும்முன் பெரிய காஞ்சிபுரமா, சின்ன காஞ்சிபுரமா என்று சொல்லியே வாடகை பேசுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

16. பிரசாதத்துக்குச் சின்னச் சின்ன ஜிப் கவர்களும் ஒரு பேனாவும் கொண்டுபோங்கள். எந்தக் கோயில் குங்குமம் என்று அங்கேயே எழுதிவிட்டால் பக்கத்து வீட்டு மாமி கேட்கும்போது விழிக்க வேண்டாம். வரதர் கோயில் பிரசாதமான காஞ்சிபுரம் இட்லி கிடைத்தால் இரண்டு கூடுதலாக வாங்குங்கள். மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேகவைப்பது. ஒரு நாள் கெடாது. மறுநாள் காலை லேசாக ஆவி காட்டி, நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தொட்டுச் சாப்பிட்டால் அன்றைய டிபன் வேலையும் மிச்சம்.