'மே' என்னும் சிறு சொல்

ஆங்கிலத்தில் பணிவு என்றால் நம் மாணவர்களுக்கு 'ப்ளீஸ்' ஒன்றுதான். 'ப்ளீஸ் கிவ் மீ லீவ்' என்று எழுதிவிட்டு நிம்மதி அடைகிறார்கள். தமிழில் 'தாருங்கள்' என்றால் அதன் விகுதியே மரியாதையைச் சுமந்துவிடும். ஆங்கிலத்தில் தா, தாரும், தாருங்கள் மூன்றுக்கும் 'கிவ்' ஒன்றே. 'ப்ளீஸ்' சேர்த்தாலும் ஏவல் ஏவல்தான். ஆகவே வினாவாக மாற்றி, 'மே ஐ ஹேவ் லீவ் டுடே, சார்?' என்று கேட்க வேண்டியிருக்கிறது.

'மே ஐ கம் இன்?' என்பதன் நேரான தமிழ் 'வரலாமா?' என்பதே. வரல், ஆம், ஆ எனப் பிரித்துப் பாருங்கள். வருவது ஆகுமா என்று பிறர் இசைவைக் கேட்பது புலனாகும். தான் செய்ய விரும்புவதற்கே 'மே' உரியது. 'மே ஐ பாரோ யுவர் பென்?' எனலாம், 'மே யூ லெண்ட் மீ யுவர் பென்?' எனலாகாது. பிறர் செய்ய வேண்டியதற்குக் 'குட் யூ', 'வுட் யூ' என்பனவே பொருந்தும். 'மே யூ' என்று தொடங்கினால் 'நீடு வாழ்க' என்பது போன்ற வாழ்த்தாகிவிடும்!

'கேன் ஐ' தவறா என்பார்கள். பேச்சில் ஆங்கிலேயரும் அப்படிக் கேட்பதுண்டு. பழைய ஆங்கிலத்தில் 'மே' என்பதே ஆற்றலைக் குறித்த சொல்தான். ஆயினும் நேர்முகத் தேர்வில் 'மே ஐ' என்று கேட்பதையே நான் விரும்புவேன்.

வினாவில் பணிந்து நிற்கும் இச்சொல் விடையில் நிமிர்ந்துவிடும். 'யூ மே சிட்' என்பது அனுமதி தரும் இடத்தில் இருப்பவர் பேச்சு. கல்லூரிக்கு வரும் விருந்தினரிடம் மாணவர் இதைச் சொன்னால் நன்றாயிராது. அங்கே 'ப்ளீஸ் சிட் டவுன், சார்' போதும். 'வோண்ட் யூ சிட் டவுன், சார்?' இன்னும் இனிது.