பட்டியலில் இல்லாத அயலவர்



உதவி என்றதும் நம் மனக்கண்முன் வருவது ஒரு பட்டியல். கிராம உத்தியோகத்தரிடம் ஒரு பட்டியல், பிரதேச செயலகத்தில் ஒன்று, தொண்டு நிறுவனத்தில் ஒன்று, பங்குப் பணிமனையிலும் ஒன்று. பட்டியல் தேவையானதே, அதை எவரும் குறைகூற முடியாது. ஆயினும், அதில் பெயர் இல்லாதவர் யார் என்று கேட்பதிலேதான் கிறிஸ்தவ பிறரன்பு தொடங்குகிறது.

ஆதித் திருச்சபையின் முணுமுணுப்பு

அப்போஸ்தலர் பணி நூலின் 6ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எருசலேம் சபையில் ஏழைகளுக்கு நாள்தோறும் பகிர்வு நடந்தது. ஆனால் கிரேக்க மொழி பேசியவர்களின் விதவைகள் அதில் கவனிக்கப்படாமற் போயினர். யாரும் வேண்டுமென்றே அவர்களை ஒதுக்கியதாக அந்நூல் கூறவில்லை. அவர்கள் கண்ணிற் படவில்லை, அவ்வளவே.

அப்போஸ்தலர்கள் முணுமுணுத்தவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு முதலாக அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் மொழியையும் வீட்டு வாசலையும் அறிந்தவர்களிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது என்று நாம் விளங்கிக்கொள்ளலாம்.

நமது கரையில் நடந்தது

2004 டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள். திருக்குடும்பத் திருவிழா ஞாயிறு. அன்று காலை எழுந்த கடல், மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று கரையோரம் முழுவதையும் வாரிச் சென்றது. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அம்பாறை மாவட்டத்தவர். அந்நாட்களில் பள்ளிவாசலும் கோயிலும் ஆலயமும் பாடசாலையும் அகதிகளுக்குத் திறந்தன. பசித்தவனிடம் அவனுடைய மதம் எதுவென்று கேட்க எவருக்கும் நேரமிருக்கவில்லை. உலகமே நம் கரையைப் பார்த்தது.

பின்னர் பட்டியல்கள் வந்தன. கிழக்கிலங்கையில், தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும், வீடு மகளுக்குச் சீதனமாகச் சேர்வதே வழக்கம். ஆனால் நிவாரணப் படிவங்கள் குடும்பத் தலைவர் யார் என்று கேட்டன. பெண்ணின் பெயரிலிருந்த வீட்டைக் கடல் கொண்டுபோக, மாற்றாகக் கிடைத்த வீடு கணவன் பெயரில் எழுதப்பட்டதுண்டு. கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீண்டும் வீடு கட்டலாகாது என்று முதலில் விதிக்கப்பட்டது; நிலம் நெருக்கமான இவ்வூர்களில், கரையோரக் குடும்பங்கள் எங்கே போவது? அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியுடன் 500 வீடுகள் எழுந்தன. யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கிலும் வாதத்திலும் அவை பல ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்தன. வீடுகளும் இருந்தன, வீடற்றோரும் இருந்தனர்; ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

இவற்றிற்கு நேர்மாறான ஒரு மரபும் இக்கரையிலேயே உண்டு. இங்குள்ள முஸ்லிம் ஊர்களில் தாய்வழியாக வரும் ‘குடி’ முறை இருக்கிறது. அக்கரைப்பற்று முதலிய இடங்களில் பள்ளிவாசல் நிர்வாகத்திலே குடிக்கொரு மரைக்காயர் அமர்வது வழக்கமாக இருந்து வந்தது. தமிழ் இந்துக்களிடையேயும் குடிமுறை உண்டு; கோயில் வண்ணக்கர் பொறுப்பு பல ஊர்களில் அதையொட்டியே வருகிறது. எந்த அமைப்பும் குறையற்றதன்று. ஆயினும் இதன் உட்கருத்தைக் கவனியுங்கள்: ஒவ்வொரு வீட்டையும் நன்கறிந்த ஒருவர் சபையில் இருக்க வேண்டும். எருசலேமில் எழுவரை நியமித்ததன் கருத்தும் இதுவேயன்றோ?

வெளியே தெரியாத வறுமை

சுனாமியின் துன்பம் எல்லோருக்கும் தெரிந்தது. இன்றைய துன்பம் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் எத்தனையோ குடும்பங்கள் ஒரு வேளை உணவைக் குறைத்தன. 2023இல் ‘அஸ்வெசும’ உதவி தொடங்கியபோது, தங்கள் பெயர் விடுபட்டதாக முறையிட்டோர் ஏராளம். முறையிட்டவர்களையாவது நாம் அறிவோம். முறையிடவும் நாணியவர்கள்?

நுண்கடன் தவணைக்காரர் வரும் நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் தாய். வலையை விற்றுவிட்டு ‘கடலுக்குப் போக உடம்பு சரியில்லை’ என்று சொல்லும் மீனவர். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் வசதியானவர் என்று ஊர் எண்ணும் தனித்த முதியவர். இவர்கள் கேட்கமாட்டார்கள். மானம் தடுக்கும். கேட்கக் கூசும் ஏழைகளை அறியாதவர்கள் வசதி படைத்தவர்கள் என்றே எண்ணிக்கொள்வர் எனத் திருக்குர்ஆனும் தன் இரண்டாம் அதிகாரத்திலே எச்சரிக்கிறது. நம் முஸ்லிம் அயலவர் நன்கறிந்த பாடம் இது. நாமும் கற்றுக்கொள்ளலாம்.

செல்வனுக்கு அவன் பெயர் தெரியும்

லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்திலே, செல்வனும் லாசருமாகிய உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அதில் ஒரு சிறு செய்தியைக் கவனித்தீர்களா? செல்வன் லாசரை அடிக்கவில்லை, வாசலிலிருந்து விரட்டவுமில்லை. வேதனைக்குள்ளான பின்போ, லாசரை அனுப்பும்படி ஆபிரகாமிடம் பெயர் சொல்லிக் கேட்கிறான். அப்படியானால் வாசலிற் கிடந்தவனின் பெயர் அவனுக்குத் தெரிந்திருந்தது! பெயரை அறிந்தும் பசியை அறியாதிருந்ததே அவனுடைய பாவம். திருத்தந்தை ஆறாம் பவுல் 1967இல், மக்களின் முன்னேற்றம் பற்றி எழுதிய சுற்றுமடலில், ஏழை லாசரும் செல்வனும் ஒரே பந்தியில் அமரும் உலகைக் கட்டியெழுப்ப அழைத்தார். அந்தப் பந்தி நம் ஒழுங்கையிலேயே தொடங்க வேண்டும்.

செய்யத்தக்கவை

முதலாவது, கவனியுங்கள். திருப்பலிக்கு வழக்கமாக வருபவர் சில வாரங்களாக வரவில்லையா? ஒரு பிள்ளை அடிக்கடி பாடசாலைக்குப் போவதில்லையா? அடுப்புப் புகையாத வீடு உண்டா? குறை காண்பதற்காகவன்று, குறை தீர்ப்பதற்காகவே பாருங்கள்.

இரண்டாவது, மானத்தைக் காத்து உதவுங்கள். படம் பிடித்துக் கொடுக்கும் அரிசிப் பையைவிட, கடைக்காரரிடம் மௌனமாகத் தீர்க்கும் கடன் மேலானது. விண்ணப்பப் படிவத்தை நிரப்பித் தருவதும், பிரதேச செயலகத்துக்கு உடன் செல்வதும் பெரிய தருமமே.

மூன்றாவது, வேலிக்கு அப்பாலும் பாருங்கள். அம்பாறைக் கரையிலே கத்தோலிக்கர் சிறு தொகையினர். நம் அடுத்த வீட்டார் பெரும்பாலும் இந்துக்கள் அல்லது முஸ்லிம்கள். 2019 உயிர்த்த ஞாயிறுக் கொடுமைக்குப் பின் அயலவரை ஐயத்தோடு நோக்கிய நாட்களும் இருந்தன. நம் காயம் உண்மையானது. ஆனால் காயத்தைக் காரணங்காட்டிக் கண்ணை மூடிக்கொள்ள, நல்ல சமாரியரின் கதையைச் சொன்ன ஆண்டவர் நமக்கு அனுமதி தரவில்லை. அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் கண்டார், லேவியனும் கண்டான். அருகே சென்றவன் அயலினத்தானே.

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் வீட்டைச் சுற்றியுள்ள பத்து வீடுகளில் எத்தனை வீட்டாரின் கவலையை நாம் அறிவோம்?

2. நம் அன்பியக் கூட்டத்திற்கு ஒருபோதும் வராத குடும்பம் எது? ஏன் வருவதில்லை?

3. இவ்வாரம் நாம் சென்று பார்க்க வேண்டிய, எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒருவர் யார்?

மூன்றாம் கேள்விக்கு ஒரு பெயர் கிடைத்தால் அதைத் தாளில் எழுதி வைக்க வேண்டாம். இன்று மாலையே எழுந்து அவர் வீட்டுக்குச் செல்லுங்கள்.