சும்மா இருக்கும் கம்ப்யூட்டரும் புற்றுநோய் ஆய்வும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். கடிதம் டைப் செய்யும்போதும் பாட்டு கேட்கும்போதும் சிபியுவின் திறனில் சிறு பகுதியே செலவாவது அதில் தெரியும். மீதி சும்மா கிடக்கிறது. அந்த மீதியைத்தான் சில புற்றுநோய் ஆய்வாளர்கள் நம்மிடம் கேட்கிறார்கள்.

எனக்கு இதில் ஆர்வம் வந்தது என் அத்தையால். இருமல் என்று ஆறு மாதம் மருந்து குடித்தார். நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தபோது முற்றிவிட்டிருந்தது. "இது முன்னாடியே தெரியாதாடா?" என்று என்னிடம் கேட்டார்.

ஏறத்தாழ இதே கேள்வியோடு 2013 நவம்பரில் மேப்பிங் கேன்சர் மார்க்கர்ஸ் என்ற திட்டம் தொடங்கியது. நடத்துபவர் கனடாவின் டொரான்டோவில் உள்ள இகோர் ஜுரிசிகா. நோயாளிகளின் திசு மாதிரிகளில் எந்தெந்த மரபணுக்கள் கூட்டாகச் சேர்ந்து நோயைக் காட்டிக் கொடுக்கின்றன என்று தேடுகிறார்கள். முதலில் எடுத்துக்கொண்டதே நுரையீரல் புற்றுநோயைத்தான்.

"கூட்டாக" என்பதில்தான் சிக்கல். 100 மரபணுக்களில் 10ஐத் தேர்ந்தெடுக்க எத்தனை வழி? எக்செல் வைத்திருப்பவர்கள் காம்பின் என்ற பங்ஷனில் 100, 10 என்று கொடுத்துப் பாருங்கள். 17 லட்சம் கோடிக்கு மேல் வரும். விநாடிக்கு ஆயிரம் வீதம் சோதித்தாலும் ஒரு கம்ப்யூட்டருக்கு 500 ஆண்டுகள் போதாது. மனிதனுக்கோ ஏறத்தாழ 20,000 மரபணுக்கள்!

ஆகவே வேலையைச் சிறு துண்டுகளாக்கி ஊர் ஊராக அனுப்புகிறார்கள். இதற்காக ஐபிஎம் 2004ல் தொடங்கிய அமைப்புதான் வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட். 2021ல் அது டொரான்டோவின் கிரெம்பில் ஆய்வு நிறுவனத்துக்கு மாறியது. முகம் தெரியாதவர் கம்ப்யூட்டர் தரும் விடையை எப்படி நம்புவது? தேவைப்படும் இடத்தில் ஒரே துண்டை இரண்டு பேருக்கு அனுப்பி, விடைகளை ஒப்பிடுவார்கள். ஒத்துப் போகாவிட்டால் மூன்றாமவருக்குப் போகும். ஆய்வில் கிடைக்கும் தகவல்களை மற்ற விஞ்ஞானிகளுக்கும் திறந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

பலன் உண்டா? குழந்தைகளைத் தாக்கும் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய்க்காக ஜப்பானின் சிபா நகர ஆய்வாளர்கள் 2009ல் இதே முறையில் 30 லட்சம் வேதிப்பொருட்களைச் சலிக்கத் தொடங்கினார்கள். 2014ல் ஏழு பொருட்கள் தேறின. எலிகளிடம் நல்ல பலன் தந்தன. எலியிலிருந்து மருந்துக் கடை வரை வெகு தூரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாளையே மருந்து வரும் என்ற எண்ணத்தில் யாரும் சேர வேண்டாம்.

சேர விரும்புவோர் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பாயிங்க் என்ற இலவச புரோகிராமை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்திடவும். இன்ஸ்டால் செய்தபின் ஆட் புராஜக்ட் என்பதில் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும்.

உடனே எழுந்து போய்விடாதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன். மறுநாள் காலையில் லேப்டாப் தோசைக்கல்லாகக் கொதித்தது, மின்விசிறி அலறியது. ஆப்ஷன்ஸ் மெனுவில் கம்ப்யூட்டிங் பிரிபரன்சஸ் சென்று, சிபியு பயன்பாட்டை 50 சதவீதமாகக் குறைத்திடவும். பேட்டரியில் ஓடும்போதும், நீங்கள் வேலை செய்யும்போதும் நிற்கும்படி டிக் செய்திடவும். கரண்ட் செலவும் உண்டு. கம்ப்யூட்டர் கூடுதலாக 50 வாட் இழுத்தால், தினம் எட்டு மணி நேரத்துக்கு மாதம் 12 யூனிட். வீட்டில் பில் கட்டுபவரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது!

இப்போது டெஸ்க்டாப்பில் மட்டும் ஓட விடுகிறேன். டெய்லி ஷெட்யூல்ஸ் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஐந்து வரை என்று கொடுத்திருக்கிறேன். சில நாட்கள் துண்டு எதுவும் வராது. சர்வர் பக்கத்து விஷயம் அது. புரோகிராமை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை.