வெளிநாட்டுப் பைசா: எல்லை ஊர்களின் நம்பிக்கைகளும் உண்மைகளும்

"வீடு கேரளாவில, கணக்கு களியக்காவிளையில. துபாய் பைசா அந்தக் கணக்குக்கு வராது."

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லை ஊர்களில் இப்படி நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1956 நவம்பர் 1 அன்று, களியக்காவிளையை உள்ளடக்கிய விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. அந்தக் கோட்டுக்கும் வெளிநாட்டுப் பணத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்நியச் செலாவணிக்கு நாடு முழுக்க ஒரே விதி, அது ரிசர்வ் வங்கியின் விதி. பணம் வழியில் சிக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் பழைய பாஸ்புக்கும், பெயரில் மாறிய ஓர் எழுத்தும்தான்.

பழைய பாஸ்புக் இந்தப் பக்கத்துக்கே உரிய தொல்லை. ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவிதாங்கூர் 2017 ஏப்ரல் 1 அன்று எஸ்பிஐயோடு இணைந்தது. 'எஸ்பிடிஆர்' என்று தொடங்கிய ஐஎஃப்எஸ்சி குறியீடுகள் 'எஸ்பிஐஎன்' என்று மாறின. 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனராவோடு சேர்ந்தபோதும் இதே கதைதான். பீரோவில் பத்திரமாக இருக்கும் பழைய பாஸ்புக்கைப் போட்டோ எடுத்து மகனுக்கு வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள். வங்கியில் கேட்டுப் புதிய குறியீட்டை வாங்கி அனுப்புங்கள்.

பெயர் விஷயம் இன்னும் நுட்பமானது. தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் புழங்கும் ஊரில், பள்ளிச் சான்றிதழில் செல்வராஜன், ஆதாரில் செல்வராஜ், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்ந்த செல்வராஜ் என்று ஒரே ஆள் மூன்றாக நிற்பது சகஜம். வெளிநாட்டு வங்கியிலிருந்து நேராக வரும் தொகையில் பெயர் ஒத்துப்போகாவிட்டால் இங்குள்ள வங்கி நிறுத்திவைத்து விளக்கம் கேட்கும். ஆனால் "பேரு சரியா இருந்தா போதும்" என்பதும் தவறு. உள்நாட்டு நெஃப்ட் முறையில் கணக்கு எண்ணைப் பார்த்தே வரவு வைக்கிறார்கள். ஓர் இலக்கம் மாறி வேறொருவர் கணக்கில் விழுந்துவிட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

"ஸ்விஃப்ட் கோடு இல்லாம ஒண்ணும் நடக்காது" என்பது பாதி உண்மை. வளைகுடாவில் எக்ஸ்சேஞ்சில் போய்க் கட்டும் பணம், அந்த நிறுவனம் ஏதாவது ஓர் இந்திய வங்கியில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கிலிருந்துதான் பெரும்பாலும் நமக்கு வருகிறது. அதற்கு ஐஎஃப்எஸ்சியும் கணக்கு எண்ணும் போதும். லண்டனில் நர்ஸாக இருக்கும் மகள் தன் வங்கியிலிருந்து நேரடியாக அனுப்பும்போதுதான் ஸ்விஃப்ட் குறியீடு வேண்டும். பல சிறிய கிளைகளுக்குச் சொந்தக் குறியீடு கிடையாது. எந்தக் கிளையின் குறியீட்டைத் தர வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்விஃப்ட் வழியாகப் பயணிப்பது தகவல் மட்டுமே. தொகை இடையிலிருக்கும் வங்கிகளின் கணக்குகள் மூலம் கைமாறுகிறது, அங்கே ஆளுக்குக் கொஞ்சம் கட்டணம் பிடிக்கலாம். அனுப்பியதைவிடக் குறைந்து வந்தால் மகள்மேல் கோபப்பட வேண்டாம்.

"கமிஷன் இல்லை" என்ற போர்டை நம்பவே நம்பாதீர்கள். லாபம் மாற்று விகிதத்தில் ஒளிந்திருக்கிறது. 3,000 திர்ஹம் மாற்றும்போது ஒவ்வொரு திர்ஹத்துக்கும் 20 பைசா குறைத்துக் கொடுத்தால் 600 ரூபாய் போய்விட்டது. 'கையில் எத்தனை ரூபாய் சேரும்' என்ற ஒரே கேள்வியை நாலு இடத்தில் கேட்க வேண்டும். இன்னொரு பீதி, 18 சதவீத ஜிஎஸ்டி. அது முழுத்தொகைக்கு அல்ல. இங்குள்ள வங்கி ஒரு லட்சம் ரூபாய் மதிப்புள்ள டாலரை மாற்றினால், வரி 180 ரூபாய்.

இனி, குடும்பங்களை உண்மையிலேயே கெடுக்கும் நம்பிக்கைக்கு வருகிறேன். அது குழல்பணம், அதாவது ஹவாலா பற்றியது. "பேங்க் வழியா வந்தா இன்கம்டாக்ஸ் பிடிக்கும். குழல்பணம்னா வீட்டு வாசல்ல வந்து எண்ணிக் குடுப்பான்."

மகன் வீட்டுச் செலவுக்கு அப்பா அம்மாவுக்கோ மனைவிக்கோ அனுப்பும் பணம் வாங்குபவரின் வருமானம் அல்ல. எவ்வளவு வந்தாலும் அதற்கு வரி இல்லை. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, தாய்மாமன், சித்தப்பா அனுப்பினாலும் அப்படியே. கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: அக்கா மகன் மாமாவுக்கு அனுப்பினால், வருமான வரிச் சட்டத்தின் பட்டியலில் அவன் மாமாவின் உறவினன் அல்ல. அப்படிப்பட்டவர்களிடமும் நண்பர்களிடமும் இருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால் மொத்தத்துக்கும் வரி உண்டு. நெருங்கிய குடும்பத்துக்கு இந்தப் பயமே தேவையில்லை.

குழல்பணத்துக்கோ நிஜமாகவே பயப்பட வேண்டும். 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, வெளிநாட்டில் இருப்பவர் சொல்லி இங்கே ஆள்வழி வரும் பணத்தை வாங்குவதும் சட்டமீறல். அபராதம் தொகையைப் போல மூன்று மடங்குவரை போகலாம். பிடிபடாவிட்டாலும் நஷ்டம் இருக்கிறது. நாளை பத்து சென்ட் நிலம் வாங்கிப் பத்திரம் எழுதினால், பைசா எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போது காட்ட ஒரு தாள் இருக்காது. பாலைவனத்தில் வெந்து சம்பாதித்த காசு கணக்கில் வராத காசாகிவிடும். வங்கி வழி வந்திருந்தால் பாஸ்புக்கின் ஒரு வரியே சாட்சி.

வெளிநாடு போனவர் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கவும் கூடாது. அதை என்ஆர்ஓ ஆக மாற்ற வேண்டும். வெளிநாட்டுச் சம்பளத்தைச் சேமிக்க என்ஆர்இ கணக்கு இருக்கிறது: அதன் வட்டிக்கு இங்கே வரியில்லை, அசலையும் வட்டியையும் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லத் தடையில்லை. இங்குள்ள வீட்டு வாடகையை அதில் போடுவதாக இருந்தால், அதற்குரிய வரியைக் கட்டியிருக்க வேண்டும்.

"இங்கேயிருந்து வெளியே அனுப்பவே முடியாது" என்பதும் பொய். படிப்பு, மருத்துவம், உறவினர் பராமரிப்பு ஆகியவற்றுக்கு ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை வங்கி மூலம் அனுப்பலாம். 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சம் ரூபாயைத் தாண்டும்போதுதான் முன்கூட்டி வரி வசூலிக்கிறார்கள். அதையும் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மிச்சமிருந்தால் திரும்ப வாங்கலாம்.

ரிசர்வ் வங்கியின் 2023-24 ஆய்வுப்படி, இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தில் கேரளத்தின் பங்கு 19.7 சதவீதம், தமிழ்நாட்டுடையது 10.4. இத்தனை பணம் வரும் இடத்துக்கு மோசடிக்காரனும் வருவான். "உங்க பேருக்கு வந்த பவுண்ட் ரிசர்வ் பேங்கில நிக்குது, விடுவிக்கக் கட்டணம் கட்டுங்க" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி தனிமனிதர் பணத்தை வைத்துக்கொண்டு யாரையும் அழைப்பதில்லை. பணம் வாங்க ஓடிபியோ பின் எண்ணோ சொல்ல வேண்டியதே இல்லை. யாரோ ஒருவரின் பணத்தைக் கமிஷனுக்காக உங்கள் கணக்கில் வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். போலீஸ் முதலில் வருவது உங்கள் வாசலுக்குத்தான். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை முடக்கிப் பிடிக்க அவ்வளவு வாய்ப்பு.